பேச்சு இலவசம்

பெரம்பலூர் செல்போன் கடையில் பாலசுந்தரம் ஒரு போனை வெற்றிச்செல்வியிடம் நீட்டினார். அதை விற்றால் நெட்வொர்க் கம்பெனி கடைக்குக் கூடுதல் கமிஷன் தரும்.

“சிம்மோட வருதுக்கா. ஒரு வருசம் பேச்சு ஃப்ரீ.”

“அரும்பாவூர்ல வீடியோ கால் நிக்காம வருமா?”

“நெட் கொஞ்சம் இழுக்கும். பேசுறதுக்கு ஒண்ணும் பிரச்சினையில்ல.”

“அப்ப வேண்டாங்க. எங்க ஊர்ல நெட் நல்லா எடுக்குற சிம்மா போடுங்க. பையன் சென்னையில வேலைக்குச் சேர்ந்திருக்கான். என் பழைய போன் தண்ணியில விழுந்ததுலேருந்து அவன் மொகத்தையே பாக்கல. அவன் வச்சிருக்கிறது ஐபோன். ஆண்ட்ராய்டுல தெரிவானா?”

“வாட்ஸ்அப்புல தெரிவாருக்கா. ஆனா ஃப்ரீயை விடுறீங்களே. மவன்கிட்ட பேசத்தானே போன்?”

அவள் மகனின் நம்பர் எழுதிய சீட்டை நீட்டினாள். வேறு போனில் வேறு சிம் போட்டு, அவரே வீடியோ கால் செய்து கொடுத்தார்.

திரையில் அறிவரசன் தெரிந்ததும், வெற்றிச்செல்வி போனை மேஜைமேல் சாய்த்து வைத்தாள். இரு கைகளையும் உயர்த்தி, விரல் அசைவில் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டாள். பிறவியிலேயே காது கேளாத மகன், சிரித்தபடி கைகளாலேயே நீளமாக ஏதோ சொன்னான்.

“என்னக்கா சொல்றாரு?” பாலசுந்தரம் தணிந்த குரலில் கேட்டார்.

“ரூம்ல இருக்கிற பசங்க யாருக்கும் சமைக்கத் தெரியலையாம். இவன்தான் எல்லாருக்கும் ஆக்கிப் போடுறானாம்” என்று அவள் நிம்மதியாகச் சிரித்தாள்.