இடது கை மரியாதை

“பீச்சாங்கையை நீட்டுறீரே, என்ன கொழுப்பு வாத்தியாரே உமக்கு?”

சாரணர் சங்கத்துப் புதுத் தலைவர் சேதுராமு போட்ட சத்தத்தில், கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்ற பையன்கள் விறைத்துப் போனார்கள்.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய பனங்காட்டில் முகாம். சங்கத்தில் வேலை பார்க்கிறவர்களைத் தலைவருக்கு அறிமுகம் செய்துவைக்கிற நாள். காக்கி உடுப்பும் கழுத்துத் துணியுமாக எல்லாரும் வரிசையில் நிற்க, சாரண ஆசிரியர் வேல்சாமி முதல் ஆளாக முன்னே வந்தார். வலது கையால் சல்யூட் அடித்தார். இடது கையை நீட்டினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

சேதுராமு உப்பளத்து முதலாளி. அவர் முன்னால் ஊரே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கும்.

“கால் கழுவுற கையை நீட்டித்தான் பெரிய மனுசனுக்கு மரியாதை பண்ணுவீகளோ? பள்ளிக்கூடத்துல இதைத்தான் சொல்லிக் குடுக்குறீகளா?”

வேல்சாமிக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

“அய்யா, இது உலகம் பூராவும் சாரணர் வழக்கம். அந்தக் காலத்துல வீரன் கேடயம் பிடிச்சது இடது கையில. அதைக் கீழ போட்டுட்டு அந்தக் கையை நீட்டுனா, உன்னை முழுசா நம்புறேன்னு அர்த்தம். மந்திரியே வந்தாலும் நாங்க இந்தக் கையைத்தான் குடுப்போம்.”

“மந்திரிக்குமா?”

“மந்திரிக்கும்தான்.”

சேதுராமுவின் முகம் மலர்ந்துவிட்டது. மந்திரிக்குக் கிடைக்கிற மரியாதை என்றால் அதை எந்தக் கையில் வாங்கினால் என்ன! சிரித்தபடி இடது கையைக் கொடுத்தார்.

அப்புறம் வரிசையோடு நடந்தார்கள்.

“இவர் சதக்கத்துல்லா, கீழக்கரைக்காரர். முதலுதவி சொல்லிக் குடுக்குறார்.”

கை குலுக்கல்.

“இவர் ஹாஜா முகைதீன். சின்னப் பசங்களுக்கு மாஸ்டர்.”

கை குலுக்கல். இப்போது தலைவரே முந்திக்கொண்டு இடது கையை நீட்ட ஆரம்பித்திருந்தார். புது விளையாட்டு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

வரிசையின் கடைசியில் ஒருவன் நின்றான்.

“இது இருளாண்டி. கூடாரம், கயிறு, சாமானெல்லாம் இவன் பொறுப்பு.”

இருளாண்டியை அந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்த வேல்சாமி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சேரிக்காரனுக்கு எதுக்குக் காக்கி உடுப்பு, கூலியைக் குடுத்து அனுப்பவேண்டியதுதானே என்றது கமிட்டி. “சுதந்திரம் வந்து பத்து வருசமாச்சு. சாரணனுக்குச் சாரணன் சகோதரன்னு சட்டமே இருக்கு. படிச்சுட்டு வந்து பேசுங்க!” என்று மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த உடுப்பு அது. அதைக் கழற்றவைக்க இன்னமும் ஆள் காத்திருந்தது. தலைவர் இன்று அந்தக் கையைப் பிடித்துவிட்டால் போதும், பிறகு ஒரு பயல் வாய் திறக்க முடியாது.

இருளாண்டி சல்யூட் அடித்தான். இடது கையை நீட்டினான்.

“நம்ம அளத்துல உப்பு வாருற மாடன் மவன்தானே நீ?”

“ஆமாய்யா.”

சேதுராமுவின் இடது கை பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது. அப்புறம் மெல்லப் போய் வலது கையோடு சேர்ந்துகொண்டது.

“வணக்கம்ப்பா! என்ன இருந்தாலும் கும்பிடுதானே நம்ம தமிழ்ப் பண்பாடு!”

கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள். “கூடாரம் அடிக்கிறவனுக்கும் கும்பிடு போடுறாரு பாருங்க, என்ன மனசு!” என்று உருகினார் ஒருவர். நாமெல்லாம் ஒரு தாய் மக்கள் என்று தலைவர் நாலு வார்த்தை பேசினார். இளநீர் குடித்தார். காரில் ஏறிப் போனார்.

வேல்சாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொப்பியைக் கழற்றி மணலில் வீசினார். நேரே சாமான் கூடாரத்துக்குப் போனார். இருளாண்டி அங்கே கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான்.

“பார்த்தியாலே அந்த மனுசனை? பண்பாடாம் பண்பாடு! மந்திரி மரியாதைன்னதும் பல்லை இளிச்சுக்கிட்டுக் கையைக் குடுத்தாரு. உங்கிட்ட வந்ததும் பண்பாடு ஞாபகம் வந்துருச்சாக்கும்! ஒரு தாய் மக்களாம்! ஊருக்குத்தானே உபதேசம்! நான் விடப்போறதில்லை. அடுத்த கமிட்டியில எந்திரிச்சு மானத்தை வாங்குறேன் பாரு. உனக்குப் பண்ணுன அவமானம் எனக்குப் பண்ணுன அவமானம்!”

இருளாண்டி குனிந்த தலை நிமிராமல் கயிற்றில் முடிச்சுப் போட்டான். முடிச்சை இழுத்து இறுக்கினான். அவன் இழுத்த இழுப்பில் கயிறு நறநறத்தது.

அது வேல்சாமியின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

“ஏலே, உனக்காக நான் இந்தக் கத்துக் கத்துறேன், நீ கல்லு மாதிரி இருக்க! உனக்கு ரோசமே கிடையாதா? வாயைத் திறந்து சொல்லுலே!”

இருளாண்டி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

“சொல்றேன் சார். தெனமும் காலையில கொடி ஏத்துனதும் எல்லா மாஸ்டருக்கும் கை குடுக்குறீக. என்கிட்ட வந்ததும், ‘கயிறெல்லாம் பத்திரமா இருக்கா’ன்னு கேட்டுட்டுத் தாண்டிப் போயிர்றீக. அவராச்சும் ஒரு கும்பிடு போட்டாரு சார்.”