நிறுவனரின் மூக்கு

1924 மார்ச் 9 அன்று, கடைத்தெரு முனையில் ஒரு பழைய தானியக் கிடங்கில், இருபத்து மூன்று பேருடன் பிரஸ்பிட்டேரியன் சபை தொடங்கியது. நூற்றாண்டு மலரின் அட்டையில் முதல் போதகரின் படம்தான் வர வேண்டும் என்று தலைமை மூப்பர் ஒற்றைக்காலில் நின்றார். அந்தப் போதகர் அவருடைய தாத்தா.

"வேற படமே இல்லையா மாமா?" என்றாள் மலரைத் தொகுத்த மருமகள்.

"எதுக்கு? ஆலயத்துல அந்தக் காலத்துலேர்ந்து இதுதான் மாட்டியிருக்கு. மூக்கைப் பாரு, அப்படியே என் மூக்கு."

"தாடியும் அப்படியேதான்."

"தாடி நான் பார்த்து வளர்த்தது. மூக்கு ரத்தத்துல வந்தது."

அச்சகத்துக்குக் கொடுக்கப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. பிரேம் கடைக்காரர் ஆணிகளைப் பிடுங்கி, படத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூப்பரின் மூக்கைப் பார்த்தார்.

"என்னப்பா, அச்சு அசலா இருக்குல்ல?"

"இருக்குங்க. பின்னாடி என்னமோ அச்சடிச்சிருக்கு."

மருமகள் வாங்கிப் படித்தாள். 'இது சட்டத்துடன் வரும் மாதிரிப் படம். இதை எடுத்துவிட்டு உங்கள் படத்தை வைக்கவும்.'

மூப்பர் வெகுநேரம் தாடியைத் தடவினார்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும்மா."

"நம்ம சபையில ஜன்னலுக்குத் திரை போடறதுக்கே ஓட்டெடுப்பு நடக்குது மாமா. இதை எப்படி மறைக்கிறது?"

அன்று மாலை மூப்பர் குழு கூடியது. வேறு படம் இல்லாததால், மாதிரிப் படத்தில் இருந்தவரே ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் முதல் போதகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தலைமை மூப்பர் வாக்களிக்கவில்லை. வேட்பாளர் நெருங்கிய உறவினர் என்று குறிப்பேட்டில் காரணம் எழுதப்பட்டது.