முதல் பரிசு

“இன்னும் கொஞ்சம் பயந்த மாதிரி நில்லுங்க. கைதாகி வந்திருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்” என்றார் வக்கீலம்மா. நடுவில் நின்ற ஆள் தலையை ஆட்டினான்.

காவல் நிலையத்து மாடியில் அன்று மனித உரிமைப் பயிற்சி வகுப்பு. வருஷத்துக்கு ஒன்று நடத்தியே ஆகவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. காவலர்கள் இருபது பேர் கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சட்டப் பிரிவுகளை ஒப்பித்தால் இவர்கள் தூங்கிவிடுவார்கள் என்பது வக்கீலம்மாவின் பன்னிரண்டு வருஷ அனுபவம். அதனால் எதையும் நாடகமாக நடத்திக் காட்டிவிடுவார். நன்றாக நடிப்பவருக்குப் பரிசும் உண்டு.

ஆனால் கைதி வேஷம் போட ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “யூனிஃபார்ம் போட்டவன் எவனும் அந்தப் பக்கம் நிக்க மாட்டான் மேடம். ரெண்டு நிமிஷம் குடுங்க, கீழ ஒருத்தன் இருக்கான்” என்று இன்ஸ்பெக்டர்தான் இந்த ஆளை வரவழைத்தார். “மேடம் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்று அவனிடம் சொல்லியும் வைத்தார்.

வந்தவனைப் பார்த்ததுமே வக்கீலம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. வெறுங்கால். பெல்ட் இல்லாத பேண்ட் இடுப்பில் நிற்காமல், ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

“பாருங்க, லாக்கப்புல பெல்ட்டைக் கழட்டிடுவாங்கன்னு யோசிச்சு வந்திருக்கார். ஈடுபாடுன்னா இது!” என்று வகுப்புக்கே காட்டினார். பின்வரிசையில் இருந்த ஏட்டு குனிந்து தன் ஷூ கயிற்றை இழுத்துக் கட்டினார்.

பயிற்சி ஆரம்பமானது. ஒரு காவலர் கைதுக்கான காரணத்தைத் திக்கித் திணறி வாசித்தார். இன்னொருவர் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அந்த ஆள் ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

“நீங்க கைதான விஷயத்தை உங்க வீட்டுக்குச் சொல்லணும். அது உங்க உரிமை. யாருக்குச் சொல்லணும்?” வக்கீலம்மா படிவத்தை எடுத்தார்.

“என் சம்சாரத்துக்கு மேடம். நான் எங்க இருக்கேன்னே அவளுக்குத் தெரியாது.” போன் நம்பரை நிறுத்தி நிதானமாகச் சொன்னான். “ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க மேடம்” என்றான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் தளும்பியது.

முன்வரிசை விசிலடித்தது. “யப்பா, சினிமாவுக்குப் போகவேண்டிய ஆளு!”

“சாப்பாட்டு நேரம் ஆச்சு மேடம். அந்த ஃபாரத்தைக் குடுங்க, நாங்களே ஃபைல்ல வெச்சுக்கறோம்” என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். அதற்குள் அது வக்கீலம்மாவின் பைக்குள் போயிருந்தது.

படியிறங்கும்போது அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். “கூப்பிடுவீங்கல்ல மேடம்?”

வகுப்பு வயிறு குலுங்கச் சிரித்தது. உரிமை சொல்லிக்கொடுக்க வந்த வக்கீலம்மாவும் சேர்ந்துதான் சிரித்தார்.

சாயங்காலம் தன் அலுவலகத்தில் சான்றிதழ் எழுத உட்கார்ந்தார். முதல் பரிசு யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. பெயர்தான் தெரியவில்லை. படிவத்தில் இருந்தது பயிற்சிக்கென்று வைத்த கற்பனைப் பெயர். வருகைப் பட்டியலில் இருபது பேரும் மேலே வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். பாவம், கடைசி நிமிஷத்தில் வந்தவனைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நம்பர் இருக்கிறதே, வீட்டிலேயே கேட்டுவிட்டால் போச்சு. புருஷன் பரிசு வாங்கிய சேதி கேட்டால் அந்தப் பெண்ணும் பூரித்துப்போவாள். சந்தோஷமாகவே நம்பரை அழுத்தினார்.

மணி ஒருமுறை முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள்.

“போலீஸ் ஸ்டேஷன்ல கிளாஸ் எடுத்த வக்கீல் பேசறேம்மா. உங்க வீட்டுக்காரர் இன்னிக்குக் கைதியா நடிச்சு அசத்திட்டார். அவர் முழுப் பேரைக் கொஞ்சம் சொல்றீங்களா?”

அந்தப் பக்கம் குரல் உடைந்து வந்தது.

“நாலு நாளா தேடறோம்மா... அவர் உயிரோட இருக்காரா?”