லேசான பரிகாரம்

"போன வாரம் நான் சொன்ன பாவம் பொய், ஃபாதர்."

மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. ஈஸ்டர் முடிந்த கையோடு இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்தவர். சின்ன வயது.

"பிள்ளைங்ககிட்ட கோபப்பட்டேன்னு சொன்னேன். படல. கோபப்பட எங்க நேரம்?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அப்பொலின் பாரத்தை ஒரு முழங்காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பாவம்னு ஒண்ணு இருந்தாத்தானே இங்க வர முடியும்? பாவசங்கீர்த்தனத்துக்குப் போறேன்னு சொன்னாத்தான் யாரும் பின்னாலயே வர்றதில்ல."

சொல்லிவிட்டு வழக்கம்போலச் சிரித்தாள். ஃபாதர் சிரிக்கவில்லை.

வீடு கல்யாண வீடு. கொழுந்தன் மெல்வினுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். நாளை சாயங்காலம் ரோஸ் சடங்கு. மாப்பிள்ளையை உட்கார வைத்து ஆளாளுக்குத் தேங்காய்ப்பால் பூசுவார்கள். மும்பையிலிருந்து நாத்தனார் குடும்பமும் மஸ்கட்டிலிருந்து மூத்தார் குடும்பமும் வந்து இறங்கியாயிற்று. யாருக்குச் சர்க்கரை போடாத காபி, யாருக்குப் பன்றிக்கறி ஆகாது, யார் பாயில் படுக்கமாட்டார்கள், எல்லாம் அவள் தலைக்குள்தான் இருந்தது.

அவள் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. சோறு அடிப்பிடித்தாலும் சிரிப்பு, மங்களூர் பஸ்ஸில் பிள்ளை மடியில் வாந்தி எடுத்தாலும் சிரிப்பு. "கிறிஸ்தவத் தாய் எப்படி இருக்கணும்னு தெரியணுமா, அப்பொலின் வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்று மாதர் சங்கத் தலைவி கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறாள்.

"பரிகாரம் லேசானதுதான்" என்றார் ஃபாதர். "வீட்ல யாராவது ஒருத்தர்கிட்ட, 'எனக்குக் களைப்பா இருக்கு'ன்னு சொல்லுங்க. சிரிக்காம சொல்லணும்."

அப்பொலினுக்கு வியர்த்தது.

"ரெண்டு முழு ஜெபமாலை சொல்லிடறேனே, ஃபாதர்."

"அது உங்களுக்குச் சுலபம்" என்றார் அவர்.

வீட்டு வாசலில் புருஷன் வலேரியன் ஏணிமேல் நின்று சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தான். கட்டினவனிடமே சொல்லி முடித்துவிடலாம் என்று ஏணிக்குக் கீழே போய் நின்றாள்.

"வலேரி, எனக்குக் களைப்பா இருக்கு."

"யாரு, நீயா?" அவன் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. "நீ களைச்சா அப்புறம் நம்ம ஊர்ல மழையே பெய்யாதுடி. அந்த டேப்பை இப்படி எடு."

எடுத்துக் கொடுத்தாள்.

மூத்த மகள் ஷாலெட்டிடம் சொன்னபோது அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்போ என் பிளவுஸுக்கு யார் ஊக்கு தைக்கறது?" என்றாள்.

நாத்தனார் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "போங்க அண்ணி! உங்க முகத்தைப் பார்த்தாலே எங்க களைப்பு பறந்துடுது." அப்படியே கைக்குழந்தையை அப்பொலினின் இடுப்பில் மாற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

சிரிக்காமல்தான் சொன்னோமா? குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி யோசித்துப் பார்த்தாள். சிரித்துத்தான் இருப்பாள். முகம் இப்போதெல்லாம் அவளைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை.

மிச்சம் இருந்தது மாமியார் ஒருத்திதான்.

நத்தாலினா கொல்லையில், மாமரத்தடியில், நாளைய ரோஸுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எட்டுப் பிள்ளை பெற்றவள். புருஷன் படுக்கையில் கிடந்த காலத்திலும் கேலிப் பேச்சு குறையாதவள் என்று ஊரே சொல்லும். அப்பொலின் மருமகளாக வந்த அன்றைக்குத் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "இந்த வீட்டுப் பொம்பளைங்க முகம் வாடாது, தெரியுமில்ல?" என்று சொன்னதும் அவள்தான். அவளிடம் போயா இதைச் சொல்வது?

தூங்கிவிட்ட குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்தாள். இன்னொரு துருவுபலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மூடியைத் துருவி முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். கை நின்றது.

"அத்தை."

"ம்?"

"எனக்குக் களைப்பா இருக்கு."

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அது அவளுக்கே தெரிந்தது. இனி ஒரு கேலி வரும், ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற மாதிரி ஒன்று வரும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமியாரின் துருவல் சத்தம் நின்றுபோயிற்று.

"பாவசங்கீர்த்தனம் யார்கிட்ட பண்ணே?" என்றாள் நத்தாலினா. "அந்தப் புது ஃபாதர்கிட்டயா?"

அப்பொலின் தலையசைத்தாள்.

நத்தாலினா கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். துருவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. வெறும் ஓடு.

"அவர் வந்த முதல் வாரமே எனக்கும் இதைத்தான் கொடுத்தார்." குரல் தணிந்திருந்தது. "நான் இன்னும் செய்யல."

கொல்லைக் கதவுவரை யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மருமகளும் மாமியாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற அழகான காட்சியாக அது தெரிந்திருக்கும்.

அப்பொலின் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாமியார் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்கிட்ட சொல்லுங்க, அத்தை."

நத்தாலினா வாயைத் திறந்தாள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது.