முரட்டு ஸ்பிரிங்

போட்டித் துப்பாக்கி ஒன்றின் விசைக்குள் முரட்டு ஸ்பிரிங் ஒன்று இருந்தது. வேகமாகச் சுடும் போட்டிகளுக்குப் போகும் தயாளன் விரலை அழுத்தி இழுத்தால்தான் அது விட்டுக்கொடுக்கும். "சனியனே, உன்னாலதான் எல்லாரும் என்னை முந்திடறாங்க" என்று ஒருநாள் அதைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டார். அதன் இடத்தில் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"எதுக்கு அவ்வளவு அடம் பிடிச்சே? எனக்கு விரல் பட்டாலே போதும்" என்றது புதுசு.

"பட்டாலே சுடச் சொன்னதா அர்த்தமா?" என்றது பழசு.

புதுசு சிரித்தது.

அடுத்த போட்டியில் தொடங்கச் சொல்லும் பீப் சத்தம் கேட்டதும் தயாளன் அவசரமாக இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவினார். அது முழுசாக வெளியே வருவதற்குள் விரல் விசையில் பட்டுவிட்டது. குண்டு தொடையில் இறங்கியது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"அவர் தொட்டார், நான் விட்டேன். என் மேல என்ன தப்பு?" என்றது புதுசு.

காரியமெல்லாம் முடிந்தபின், தயாளனோடு போட்டிக்குப் போய்வந்த மரியசூசை துப்பாக்கியையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டார். இவராவது தன்னைத் திரும்ப மாட்டுவார் என்று பழசு காத்திருந்தது.

மரியசூசை குண்டு போடாத துப்பாக்கியின் விசையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அடேயப்பா, பூ மாதிரி இருக்கே!" என்றவர், டப்பாவை இறுக்கி மூடினார்.