பின்பக்கத்துச் சிவப்பு ஸ்விட்ச்

"எத்தனை வாட் வேணும்?" என்று கடைக்காரர் என் மனைவியிடம்தான் கேட்கிறார். முந்திக்கொண்டு நான் பதில் சொல்கிறேன். "நானூத்தம்பது போதும். பழைய கம்ப்யூட்டர்தான். இவ நாள் முழுக்க ஆஃப் பண்ணாம டைப் அடிச்சே பவர் சப்ளையை எரிச்சுட்டா." நேற்றிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் கொண்டுவந்த பழையதைக் கடைக்காரர் மூக்கருகே பிடிக்கிறார். கருகிய வாடை எனக்கே வருகிறது. பிறகு அதைத் திருப்பி மேசை விளக்கின் கீழ் சாய்க்கிறார். அப்பிக்கிடக்கும் தூசிக்கு நடுவே ஈரத்துணி போன தடம் பளிச்சென்று தெரிகிறது. தடம் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்விட்ச். "நம்ம ஊர் கரண்டுக்கு இருநூத்து முப்பது வோல்ட்டுல இருக்க வேண்டியதை நூத்துப் பதினஞ்சுக்குத் தள்ளியிருக்கீங்க. ஆன் பண்ணதும் வெடிச்சிருக்குமே. யாரு தொடச்சது?" நேற்றுக் காலை துடைத்தவன் நான். தேநீர்க் கோப்பையோடு அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "நான்தாங்க," என்கிறாள் அவள். "தொடைக்கும்போது கை பட்டிருக்கும்." கடைக்காரர் சிரித்துக்கொண்டே புதியதொன்றைப் பிரித்துக் காட்டுகிறார். "இதுல அந்த ஸ்விட்சே கிடையாதும்மா. யார் தொடச்சாலும் ஒண்ணும் ஆகாது." "அப்ப இதையே குடுங்க," என்று வாங்கி, பெட்டியை என் கையில் தருகிறாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.