கறை படாத சோபா

கடைக்காரர் சாம்பல் நிற சோபாவின் கைப்பிடியில் அரை டம்ளர் காப்பியை வேண்டுமென்றே கவிழ்க்கிறார். ஈரத்துணியால் ஒரே இழுப்பு, சுவடே இல்லை. "பிள்ளைங்க குதிக்கட்டும், நாய் புரளட்டும், ஒண்ணும் ஆகாது சார்." மகளோடு வந்திருக்கும் அப்பா சாவியால் கீறிப் பார்க்கிறார். நூல்கூடப் பிரியவில்லை. வீட்டிலுள்ள பழைய வெள்ளை சோபாவைக் காப்பாற்ற நான்கு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவருக்கு இப்போதுதான் மூச்சு வருகிறது. "வாடா கண்ணு, ஏறிக் குதி!" மகள் தரையில், சோபாவின் காலோரம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள், வீட்டில் நாய் சுருண்டு படுக்கும் அதே இடம். எழுந்து வருகிறாள். ஏறவில்லை. கடையின் கண்ணாடிச் சுவர் வழியே விழும் வெயிலில் இரண்டு உள்ளங்கைகளையும் அவரிடம் விரித்துக் காட்டுகிறாள், பிறகு திருப்பியும் காட்டுகிறாள். "கழுவிட்டேன்பா. உட்காரலாமா?" சாவி பிடித்த கையை அப்பா முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்.